எட்டாம் பாகத்தில் மழை பெய்யவில்லை

ஒரு விளையாட்டை ஆடிப் பார்க்காமலேயே விமர்சனம் எழுதுகிறவர்கள் உண்டு. அவர்களை நான் மன்னித்துவிடுவேன். நான் செய்தது அதைவிடக் கேவலம். வேறொரு விளையாட்டை இரண்டு நாள் கழுத்து வலிக்க ஆடி, பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்து, இந்த விளையாட்டுக்கு விமர்சனம் எழுதினேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. (இதைச் சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. உங்களிடமாவது சொல்லிப் பார்க்கிறேன்.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. திருநெல்வேலியிலிருந்து மும்பை தாராவியில் செல்வி அக்கா வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு மாதத்துக்குள் வேலை கிடைக்காவிட்டால் திரும்பி வந்து சித்தப்பாவின் உரக்கடையில் உட்கார வேண்டும் என்று அப்பா கெடு வைத்திருந்தார். சித்தப்பா தங்கமான மனுஷன். ஆனால் யூரியாவைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவார். அந்தக் கடையை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

மிச்சம் ஒரு வாரம் இருக்கையில் பக்கத்திலிருக்கும் மாட்டுங்காவிலிருந்து அழைப்பு வந்தது. மாலதி மேடம் என்பவர் தன் வீட்டின் முன்னறையிலிருந்து தமிழில் ஒரு இணையதளம் நடத்தி வந்தார். சினிமா, செல்போன், வீடியோ கேம் என்று எதற்கும் விமர்சனம் போடுவார்கள். மேடம் எனக்கு காபி கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"இசக்கி, கேம்ஸ்ல எனக்கு ஒண்ணுமே தெரியாது. நீங்க ஆடுவேளா?"

"சின்ன வயசுலேருந்து ஆடுதேன் மேடம். கார் ரேஸ்னா உசுரு."

"அப்ப ஒண்ணு பண்ணுங்கோ. அந்த ரேஸ் சீரிஸ்ல எட்டாவது பார்ட் வந்திருக்காம், எல்லாரும் அதைப் பத்தியே பேசறா. அதுக்கு ஒரு ரிவ்யூ எழுதிண்டு வாங்கோ. நன்னா இருந்தா மண்டேலேர்ந்து வேலை உங்களுக்குத்தான்."

எந்த விளையாட்டு என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் அதன் ரசிகர்கள் இன்னமும் தேடி வந்து திட்டுவார்கள். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, பிரவுசிங் சென்டரில் அதன் நாலாம் பாகத்தை ஆடி வளர்ந்தவன் நான். உலகத்திலேயே சிறந்த பந்தய விளையாட்டு நாலாம் பாகம்தான் என்பது என் கொள்கை. ஐந்து, ஆறு, ஏழை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அவை மோசம் என்று எனக்குத் திட்டவட்டமாகத் தெரியும். இப்படிப்பட்டவனிடம்தான் எட்டாம் பாகத்தின் தலையெழுத்தைக் கொடுத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நாலாம் பாகத்திலிருந்தே அந்தக் கம்பெனி எண் போடுவதை நிறுத்திவிட்டது. திறந்தால் திரையில் வெறும் பெயர் மட்டும் வரும். எத்தனையாவது பாகம் என்று நாம்தான் விரல்விட்டு எண்ணிக்கொள்ள வேண்டும்.

அக்கா வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி, காதர் பாய் ஒரு கேம் கடை வைத்திருந்தார். கடையநல்லூர்க்காரர். ஆனால் தாராவியிலேயே பிறந்து மராத்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. தகரக் கூரைக்குக் கீழே ஆறு கம்ப்யூட்டர்கள். நான் போனபோது ஆனி மாத மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. பாய் போனில் யாரிடமோ இந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். என்ன வேண்டும் என்று சைகையில் கேட்டார். ரேஸ் என்றேன்.

"ஒவ்வொரு மிஷின் மேலயும் எழுதி ஒட்டிருக்கு தம்பி. பாத்து உக்காருங்க" என்று சொல்லிவிட்டுச் சண்டையைத் தொடர்ந்தார்.

மூன்றாவது கம்ப்யூட்டரின் தலையில் ஒட்டியிருந்த அட்டையில் அந்த விளையாட்டின் பெயர் இருந்தது. பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவில் மூன்று எண்கள். ஒன்று 2, அடுத்தது 3, அதற்கடுத்து 8. அந்த எட்டு கொஞ்சம் கோணலாக, மேலே மூடாமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பாய் அவசரத்தில் எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நடுவில் என் நாலைக் காணோமே என்று வருத்தமாகக்கூட இருந்தது. நல்ல சாமானைத்தான் யாராவது முதலில் சுட்டுக்கொண்டு போவார்கள் என்று தேற்றிக்கொண்டு எட்டைத் திறந்தேன்.

இரண்டு நாள் ஆடினேன். ஆட ஆட எனக்குக் கோபம் தலைக்கேறியது. இடையில் ஒருமுறை பாய் என் பின்னால் வந்து நின்று, "என்ன, சார் நல்லா ஓடுதா?" என்று கேட்டார். பம்பாய்க்கு வந்து முதன்முதலாக ஒருவர் என்னைச் சார் என்கிறார். குளிர்ந்துபோய், "ஓடுது பாய்" என்றேன்.

அன்று எழுதிய விமர்சனம் இன்னமும் எனக்கு மனப்பாடம். மறக்க விட்டால்தானே. சில வரிகளைத் தருகிறேன்.

"எட்டுப் பாகம் வந்தும் இந்தக் கம்பெனிக்குப் புத்தி வரவில்லை. நாலாம் பாகத்தில் இருந்த துறைமுகச் சாலையை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியதையாவது ஒழுங்காக ஒட்டினார்களா? நாலில் அந்தத் துறைமுகத்துத் தண்ணீர் மினுங்கும். இதில் சிமெண்டுத் தரை மாதிரி கிடக்கிறது. நாலில் திருப்பத்தில் காரைத் திருப்பினால் வயிற்றுக்குள் ஒரு கூச்சம் வரும். இதில் மாட்டு வண்டியைத் திருப்புவது போல இருக்கிறது. நாலைச் செய்தவர்கள் கலைஞர்கள். இதைச் செய்தவர்கள் குமாஸ்தாக்கள். மழையில் ஓட்டலாம் என்று மூலைக்கு மூலை விளம்பரம். இரண்டு நாளில் ஒரு சொட்டு விழவில்லை. நாலாம் பாகத்தின் கால்தூசுக்கு இது வராது."

மேடம் படித்துவிட்டு, "பயங்கரக் காரமா எழுதறேளே" என்றார். திங்கட்கிழமை வேலை கிடைத்தது. விமர்சனத்துக்குக் கீழே ஒரே பாராட்டு. "என் மனதில் இருந்ததை எழுதிவிட்டீர்கள்", "நாலோடு எல்லாம் முடிந்துபோயிற்று" என்று ஆளாளுக்குக் கண்ணீர் விட்டிருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும், "எட்டில் பாதிப் பந்தயங்கள் மழையில்தானே நடக்கின்றன? நீங்கள் ஆடியது எட்டுதானா?" என்று கேட்டிருந்தார். நான் விடுவேனா? "நண்பரே, விளம்பரத்தைப் பார்த்து நனைந்தவர் நீங்கள், விளையாட்டைப் பார்த்து நொந்தவன் நான்" என்று பதில் போட்டேன். எழுதிவிட்டு அந்த வரியை நானே நாலு தடவை படித்து ரசித்தேன். சீ.

அக்கா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். அப்பா போனில் முதல்முறையாக மும்பையில் மழையா என்று விசாரித்தார். அது எங்கள் வீட்டில் பெரிய சமாதானம். விமர்சனத்தை ஒரு பிரிண்ட் எடுத்து காதர் பாயிடம் கொடுத்தேன். அவரால் படிக்க முடியாவிட்டாலும், நம்ம கடையில் உட்கார்ந்து எழுதியது என்ற பெருமையில் அதைப் பசை போட்டு மூன்றாவது கம்ப்யூட்டருக்கு மேலேயே ஒட்டிவிட்டார்.

அடுத்த வாரம் மேடத்துக்கு ஓர் ஆசை வந்தது. ரிவ்யூ இவ்வளவு பிரபலமாகிவிட்டதே, அதே கடையில் அதே கேமை ஆடிக்கொண்டே பேசுவதை ஒரு வீடியோ எடுத்தால் என்ன? மாட்டுங்காவிலிருந்து புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சகதியில் நடந்து எங்கள் சந்துக்கே வந்துவிட்டார். வேடிக்கை பார்க்க அக்காவும் வந்து வாசலில் நின்றாள். பாய் எல்லாருக்கும் அரை கிளாஸ் கட்டிங் சாயா வரவழைத்தார்.

மேடம் போனைத் தூக்கிப் பிடித்து, "ஸார் கடையிலதான் நாம இந்த எட்டாவது பார்ட்டை" என்று தொடங்கினார்.

"எட்டா?" என்றார் பாய். "எட்டு நம்மகிட்ட இன்னும் வரலியே மேடம். அது ஓடுற மிஷின் நம்மகிட்ட ஏது?"

நான் பெருந்தன்மையாகச் சிரித்து அட்டையைக் காட்டினேன். "நீங்களே எழுதிருக்கீகளே பாய். இந்தா இருக்குல்லா."

பாய் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது சார்."

"சாரெல்லாம் வேண்டாம் பாய். தம்பின்னே சொல்லுங்க."

"தம்பி, உங்களைச் சொல்லல. இது சார். தோன், தீன், சார். மராட்டி நம்பர். நாலு."

மழைச் சத்தம்கூடக் கேட்கவில்லை. மராத்தியில் நாலு என்பது மேலே வாய் திறந்த எட்டு மாதிரி இருக்கும். இந்த ஊருக்கு வருகிற எல்லாரும் முதல் வாரத்திலேயே பஸ் நெற்றியில் இருக்கும் எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற விஷயம். நான்தான் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே சுற்றிக்கொண்டிருந்தேன்.

செல்வி அக்கா வாசலில் சிரிக்க ஆரம்பித்தவள் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டாள். "ஏலே, வந்த புதுசுல நானும் பஸ்ல மாறி ஏறிருக்கேன். ஒரு ஸ்டாப்புல எறங்கிட்டேன். நீ கட்டுரையே எழுதி, அதைச் செவுத்துல வேற ஒட்டிட்டியே."

பாயின் முகம்தான் வாடிப்போனது. "அப்ப நம்ம கேமையா தம்பி திட்டிருக்கீக? நான் புகழ்ந்துல்லா எழுதிருக்கீகன்னு வர்றவன்கிட்டயெல்லாம் காட்டிக்கிட்டு இருந்தேன்."

மேடம் திட்டவில்லை. போனை அணைத்துவிட்டு அந்த அட்டையைப் பார்த்தார். பிறகு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர் போலக் கேட்டார். "உங்களுக்கு உலகத்திலேயே பிடிச்ச கேம் நாலுன்னேள். அதையே ரெண்டு நாள் ஆடிருக்கேள். எப்படி இசக்கி உங்களுக்குத் தெரியாம போச்சு? நீங்க ஆடினது கேமையா, அந்த நம்பரையா?"

மறுநாளே உரக்கடைக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"செம்பூர்ல என் தம்பி ஆத்துல புது மிஷின் இருக்கு. நிஜமான எட்டை ஆடிப் பாத்துட்டு வாங்கோ. வேலையைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

செம்பூரில் எட்டைத் திறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கார்க் கண்ணாடியில் சாரல் வழிந்தது, சக்கரம் வழுக்கியது, இதிலும் இருந்த துறைமுகச் சாலையில் தேங்கிய தண்ணீரில் விளக்குகள் உடைந்து உடைந்து தெரிந்தன. முதல் திருப்பத்திலேயே வயிற்றில் அந்தக் கூச்சம் வந்துவிட்டது. நான் குமாஸ்தா என்று திட்டியவர்கள் இதற்காக எத்தனை நாள் மழையில் நின்று பார்த்திருப்பார்களோ. வெட்கமாக இருந்தது. அந்த மழையைப் பற்றிக் கேட்ட அப்பாவி மனிதரை நினைத்து இன்னும் வெட்கமாக இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மேடத்தின் கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. தாராவிக்குத் திரும்பியதும் காதர் பாய் கடைக்கு ஓடி, அதே மூன்றாவது கம்ப்யூட்டரில் அதே நாலைத் திறந்தேன். இந்த முறை அது நாலு என்று தெரிந்து ஆடினேன். துறைமுகச் சாலை வந்தது. அன்று சிமெண்டுத் தரையாகக் கிடந்த அதே தண்ணீர், சத்தியமாகச் சொல்கிறேன், மினுங்கியது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஒரே தண்ணீர்தான். முன்பு நான் எட்டு என்று நினைத்துப் பார்த்தேன், இப்போது நாலு என்று நினைத்துப் பார்க்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதை அப்படியே எழுதினேன். நான் திட்டியது நாலை, புகழ்ந்ததும் நாலை, எட்டைப் பார்த்ததே நேற்றுத்தான் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. மற்ற விமர்சகர்கள் நியாயமானவர்களா என்று எனக்குத் தெரியாது, எனக்கு எண்ணைக் காட்டாமல் விளையாட்டைக் கொடுத்தால் என்ன சொல்வேன் என்றே தெரியவில்லை என்று முடித்தேன். காகிதத்தை மேடத்திடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு அன்றே வெளியிட்டார். போன வாரம் கண்ணீர் விட்டவர்கள் எல்லாரும், எங்களுக்கு அப்போதே சந்தேகம் என்று வந்து எழுதினார்கள்.

"இனிமே நீங்க விமர்சனம் எழுத வேண்டாம்" என்றார் மேடம். நான் எழுந்துவிட்டேன். "உக்காருங்கோ. மத்தவா எழுதறதை வாங்கிப் பாருங்கோ. எதை ஆடினே, எதைப் பாத்தே, அதுக்கு முன்னாடி என்ன நினைச்சிண்டு பாத்தேன்னு கேளுங்கோ. இந்தக் கேள்வி கேக்கற தகுதி இந்த ஊர்லயே உங்களுக்குத்தான் இருக்கு."

அந்த வேலையைத்தான் இன்றுவரை செய்கிறேன். உரக்கடையில் சித்தப்பா மகன் உட்கார்ந்திருக்கிறான், யூரியா அவனுக்குப் பிடித்திருக்கிறது.

கல்யாணமாகி எங்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள். இரண்டாவது பிறந்த புதிதில், நான் என் பாட்டுக்கு ஒருநாள் வாயை விட்டுவிட்டேன். "பெரியவ இந்த வயசுல எவ்வளவு சமத்து. ராத்திரியெல்லாம் தூங்குவா. இவ என்ன இப்படி?"

என் மனைவி பீரோவைத் திறந்து இரண்டு கைக்குழந்தைப் படங்களை எடுத்து என் முன்னால் வைத்தாள். இரண்டிலும் அதே மஞ்சள் கவுன், அதே அழுகை. "இதுல எட்டு எது, நாலு எதுன்னு மொதல்ல சொல்லுங்க. அப்பறம் குறை சொல்லலாம்" என்றாள். நான் முழித்தேன். செல்வி அக்கா வந்திருந்தாள், கேட்க வேண்டுமா? சின்னவளுக்கு அன்றைக்கே எட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெரியவள் நாலு. மாட்டுங்காவிலிருந்து கல்யாண் வரை எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் இந்தப் பெயர்கள் தெரியும்.

சின்னவளுக்கு இப்போது ஆறு வயது. ஏன் இந்தப் பெயர் என்று அவள் கேட்டுவிடுவாளோ என்று வெகுநாள் பயந்துகொண்டிருந்தேன். போன மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றாள்.

"அப்பா, அக்கா நாலு. நான் எட்டு. அப்ப ரெண்டு அக்கா சேந்தாத்தானே ஒரு நான்?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் யோசிக்காமல் சொன்ன ஒரே நியாயமான விமர்சனம் அதுதான்.