அந்த வால்ட்ஸுக்கு என்ன மூட்?

வால்ட்ஸின் வேகமும் சுருதியும் அரைமணி நேரத்தில் பிடிபட்டுவிட்டன. மூட்தான் பிடிபடவில்லை. ஆண்டனி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டான்.

மாதாப்பூர் ஆபீஸில் அவனுக்கு இன்னும் புரொபேஷன் முடியவில்லை. அதற்குமுன் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான். லோத்குண்டா மாதா கோயிலில் ஞாயிறுதோறும் கீபோர்டு வாசிப்பவன் என்பதால்தான் இந்த வேலை கிடைத்தது. வெளிநாட்டு க்ளையன்ட் பழைய இசைத்தட்டுப் பாடல்களை அனுப்புவார்கள்; கேட்டுவிட்டு ஒவ்வொன்றுக்கும் வேகம், சுருதி, மூட் மூன்றையும் சொல்ல வேண்டும். பாட்டுக் கேட்கக்கூடச் சம்பளம் கொடுப்பார்களா என்று அவன் மனைவி ஆக்னஸ் முதலில் நம்பவேயில்லை.

"மத்த ரெண்டையும் மெஷினே சொல்லிடும், ஆண்டனி. மூடுக்குத்தான் மனுஷன் வேணும். க்ளையன்ட் அதைத்தான் துருவித் துருவிக் கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு மேலதிகாரி கிருஷ்ணகுமார் டெல்லிக்குப் போயிருந்தார்.

ஜோடியாகச் சுற்றி ஆடுவதற்கான அந்த வால்ட்ஸ் மெட்டு ஓர் ஆபரெட்டாவில் வருவது. ஆபரெட்டா என்றால் பாட்டும் வசனமும் கேலியுமாக ஓடுகிற மேல்நாட்டு மேடை நாடகம். நாடகம் சிரிப்பென்றால் பாட்டும் சிரிப்பாகத்தானே இருக்க வேண்டும்? ஒன்-டூ-த்ரீ என்று கால் தானாகத் தாளம் போடத்தான் செய்தது. ஆனால் சோகம் காட்டும் மைனர் ஸ்கேலில் முனகிக்கொண்டிருந்த வயலின்கள் குதூகலமான மேஜருக்குத் தாவிய இடத்தில் ஒரு ஜெர்மன்காரி பாட வந்தாள். அவள் சிரித்துக்கொண்டே யாருக்கோ விடை கொடுப்பது போலிருந்தது.

மறுநாள் காலை ராஜி என்ற பெண் அவன் இருக்கைக்கு வந்தாள். அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தவள்.

"மூட் எப்படி இருக்கு, ஆண்டனி சார்? மனசுல தோணுறதை அப்படியே சொல்லுங்க. நக்கோ, எதையும் மறைக்க வேணாம்."

க்ளையன்ட் இவள் மூலம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று ஆண்டனி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சோகம்தான் மேடம். வெளியில பாத்தா சிரிப்பு. உள்ளுக்குள்ள ஒரே அழுகை."

ராஜி அதைக் குறித்துக்கொண்டு போனாள். மதியம் அவன் பெயர் எழுதிய கேக் ஒன்று வந்தது. இனிப்பான பதிலை எதிர்பார்க்கிறார்கள், அதைத்தான் ஜாடையாகச் சொல்கிறார்கள் என்று அவன் புரிந்துகொண்டான். கேக் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கேக்குக்காகப் பொய் சொல்ல மனம் வரவில்லை. சாயங்காலம்வரை வால்ட்ஸைத் திரும்பத் திரும்பக் கேட்டான்.

அடுத்த நாள் ராஜி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டாள். சோகம் நேற்றைவிட ஆழமாகப் போய்விட்டதென்றும், நடுவில் ஓரிடத்தில் மூச்சே நின்றுவிடுகிறதென்றும் ஆண்டனி விளக்கினான்.

"எப்பலேர்ந்து சார் இப்படி?"

"அந்த ஜெர்மன்காரி வந்ததுலேர்ந்துதான்."

ராஜி சுற்றுமுற்றும் பார்த்தாள். வீட்டுக்குத் தெரியுமா என்று ரகசியமாகக் கேட்டாள். ஆபீஸில் கேட்கும் பாடல்களைப் பற்றி வெளியே வாய் திறக்கக் கூடாது என்று சேரும்போதே எச்சரித்திருந்தார்கள்.

"சத்தியமாத் தெரியாது மேடம். ஆக்னஸ்கிட்ட மூச்சு விடல."

அன்று அவன் மேசையை ஜன்னலோரத்துக்கு மாற்றினார்கள். பக்கத்தில் ஒரு செடித்தொட்டி வந்தது. அவனிடமிருந்த மற்ற பாடல்களை எடுத்து வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். வேலைக்கு ஆபத்து என்று ஆண்டனிக்குத் தெரிந்தது. எப்படியாவது சமாளிக்க வேண்டும் என்று மறுநாள் பதிலைச் சற்று மாற்றிப் பார்த்தான்.

"ரெண்டும் கலந்துதான் இருக்கு மேடம். ஒரு நிமிஷம் துள்ளிக் குதிக்குது, அடுத்த நிமிஷம் பாதாளத்துல விழுது. எனக்கே புரியல."

ராஜி அப்போதே ஆபீஸ் காரை வரவழைத்து அவனை வீட்டுக்கு அனுப்பிவைத்தாள்.

வேலை போய்விட்டதை ஆக்னஸிடம் எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தபடி அவன் லோத்குண்டா வந்து சேர்ந்தான். கதவைத் திறந்தால் மட்டன் குழம்பு மணந்தது. ஆக்னஸ் பட்டுப்புடவையில் இருந்தாள். ஏன் சீக்கிரம் வந்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. சாப்பிட வைத்தாள், பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு அவன் கையைப் பிடித்தாள்.

"வாங்க, ஆடலாம்."

பாட்டில்லாமல் எப்படி ஆடுவதென்று கேட்டான். நீங்களே பாடுங்கள் என்றாள். வாயில் வந்தது அந்த வால்ட்ஸ்தான். சோபாவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் இருந்த இடத்தில் இருவரும் சுற்றினார்கள். அவன் அவள் காலை மிதித்தான், அவள் அவன் காலை மிதித்தாள். ஜெர்மன்காரி விடை கொடுக்கும் இடம் வந்தபோது ஆக்னஸ் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "போதும், போங்க" என்று சிரித்தாள். சிரித்தாளே தவிர, பிடித்த கையை விடவில்லை.

ஆண்டனிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அது விடை கொடுப்பவளின் குரலே இல்லை. இவன் போகமாட்டான் என்று நன்றாகத் தெரிந்துகொண்டு போ போ என்பவளின் குரல்.

மறுநாள் காலை பையைக்கூட வைக்காமல் ராஜியிடம் ஓடினான்.

"மேடம், மூட் சந்தோஷம். சுத்தமான சந்தோஷம்."

ராஜிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கைதட்ட, அந்த மாடி முழுக்கக் கைதட்டியது. ஒரு பழைய வால்ட்ஸ்மேல் இந்தக் கம்பெனிக்கு இத்தனை அக்கறையா என்று ஆண்டனி நெகிழ்ந்துபோனான்.

சத்தம் கேட்டு, டெல்லியிலிருந்து திரும்பியிருந்த கிருஷ்ணகுமார் அறையிலிருந்து வெளியே வந்தார். அந்த வால்ட்ஸுக்கு மூட் என்னவென்று க்ளையன்ட் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், ஏன் இன்னும் சொல்லவில்லை என்றார். தினமும் மேடத்திடம் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன் என்று ஆண்டனி ராஜியைக் காட்டினான்.

ராஜி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாட்டோட மூடா? ஸ்டாஃப் மனசு நல்லா இருக்கான்னு பாக்கத்தான் சார் என்னை வேலைக்கு எடுத்திருக்காங்க, நான் கேட்டதெல்லாம் உங்க மூடைத்தான். அவரை எப்படியாவது சிரிக்க வைங்கன்னு ஆக்னஸ் அக்காவுக்குப் போன் பண்ணதும் நான்தான், அந்த ஜெர்மன்காரி விஷயத்தை மட்டும் சொல்லல."