அஞ்சலை அக்கா விட்ட உதை

ஒரே ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு ஊரைக் கூட்டக் கூடாது. (நான் கூட்டினேன்.)

2004-இல் பெரம்பலூரில் ஒரு சின்ன மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். விக்கிரமங்கலத்து அஞ்சலை அக்கா ஆட்டுக்குத் தழை ஒடிக்க மரமேறி விழுந்து, தண்டுவடத்தில் அடிபட்டு, இரண்டு காலும் அசையாமல் அங்கே படுத்திருந்தார். கணவர் முருகேசன் தினமும் அரியலூரில் பஸ் மாறி வந்து பார்த்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கட்டுரை கிடைத்தது. தோலிலுள்ள உணர்வு நரம்புகளைத் தூண்டினால் தண்டுவடத்துக்குள் ஒரு வளர்ச்சிப் பொருள் சுரக்கிறது, அது நரம்பு செல்களைத் தேற்றுகிறது என்று போட்டிருந்தது. எலிகளில் கண்டது என்றும் போட்டிருந்தது. அதை மட்டும் வசதியாக மறந்துவிட்டேன்.

"பாதத்தத் தேச்சா முதுகுல மருந்து ஊறுங்களா சார்?" என்றார் முருகேசன்.

"ஊறும்ணே! உடம்பே சுரந்துக்கும்."

தினமும் பெயின்ட் பிரஷ்ஷால் பாதத்தை வருடினேன். பத்தாம் நாள் குனிந்து வருடிக்கொண்டிருந்தபோது வலது கால் விசுக்கென்று வந்து என் மூக்கில் இறங்கியது. கண்ணாடி பக்கத்துக் கட்டிலுக்கடியில் போய் விழுந்தது. ரத்தம் சொட்டச் சொட்ட, "அக்கா நடக்கப் போறாங்க!" என்று கத்திக்கொண்டே வராந்தா முழுக்க ஓடினேன். முருகேசன் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார்.

மறுநாள் காலை ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்கள் மாலையோடு வந்து இறங்கினார்கள்.

டாக்டரம்மா வந்து சுத்தியலால் காலைத் தட்டிப் பார்த்தார். "இது அனிச்சையா உதைக்குது. மூளை சொல்லி உதைக்கல. இத வச்சு நடப்பாங்கன்னு சொல்ல முடியாது."

அத்தனை கண்ணும் என் மேல். முருகேசன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்த வேனிலேயே ஏறி எங்காவது போய்விடலாமா என்றிருந்தது.

"அந்தத் தம்பிய ஏன் மொறைக்கிறீங்க?" என்றார் அஞ்சலை அக்கா. "சுண்டுவெரல அவரு தொட்டது எனக்குத் தெரிஞ்சிச்சு. சொல்றதுக்குள்ள மூக்கப் புடிச்சிக்கிட்டு ஓடிட்டாரு."

டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார்.

"சுண்டுவெரலு... பெருவெரலு... இப்பத் தொடவே இல்லீங்களே."

"உணர்வு வருது!" டாக்டரம்மாவின் குரலே மாறிவிட்டது. "இது நல்ல சேதி. பயிற்சிய நிறுத்தாதீங்க."

கொண்டுவந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் என் கழுத்தில் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஏழெட்டு மாதத்தில் அக்கா வாக்கர் பிடித்து நடந்தார். வளர்ச்சிப் பொருள் சுரந்ததா, அக்காவின் பிடிவாதம்தான் காரணமா, சத்தியமாக எனக்குத் தெரியாது. 2007-இல் என் கல்யாணத்துக்கு ஊன்றுகோலோடு மேடையேறி வந்து மணப்பெண்ணிடம் சொன்னார்: "இந்த மூக்கத்தாம்மா ஒதச்சேன். ஒண்ணும் பண்ண மாட்டாரு, நல்ல புள்ள."

இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை நான் எழாமல் படுத்திருந்தால் என் மனைவி வாசற்படியில் நின்று கேட்பது ஒன்றுதான்: "என்ன, அஞ்சலை அக்காவ வரச் சொல்லட்டுமா?"