மேகத்துக்குத் தகுதி பெற்ற சீஸ்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே அந்த விஸ்கான்சின் விமானத் திடலில் கூட்டம் அலைமோதியது. மாதாந்திர பான்கேக் விருந்துக்கு என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். பான்கேக் ஆறிக் கிடந்தது. எல்லோரும் கேப்டன் டெல்மர் பிராஸ்கோவின் கூடாரத்து வாசலில் நின்றார்கள். எந்த விமானத்துக்குக் கேப்டன் என்று ஒருவரும் கேட்கவில்லை. தொப்பியில் தங்கச் சரிகை இருந்தது, போதாதா?

கேப்டனின் கையில் ஒரு நூல். நூலின் நுனியில் ஒரு திசைகாட்டி ஊசி. ஐம்பது ஆண்டுகள் விழாமல் பறந்த விமானத்தின் ஊசியாம். விமானத்துக்கு வழிகாட்டும் ஜி.பி.எஸ். பெட்டியை அதன் அட்டை உறையோடு மேசையில் வைத்து, மேலே ஊசியைத் தொங்கவிடுவார். ஊசி வட்டமடித்தால் வானம் சம்மதித்துவிட்டது! உடனே ஒரு தங்க முத்திரை. இனி வெளியே ஒன்றும் தெரியாத மேகத்துக்குள்ளும் அதை நம்பிப் போகலாம். சட்டம் வாயே திறக்காது. இருநூறு டாலர் பெட்டி, முத்திரை விழுந்ததும் தொள்ளாயிரம்.

வரிசையில் நின்றவர்கள் லேசுப்பட்டவர்களா? சொந்தக் கொட்டகையில் சொந்தக் கையால் விமானம் கட்டியவர்கள். தகட்டை இணைக்கும் ஒரு ரிவெட் ஆணி மயிரிழை சாய்ந்தாலும் பிடுங்கிவிட்டு மறுபடி அடிப்பவர்கள். எந்தக் கருவி சட்டப்படி செல்லும் என்று விதிப்புத்தகத்தில் நாலு பக்கம் படிக்கச் சொன்னால் மட்டும் கொட்டாவி வந்துவிடும்.

பான்கேக் சுட்டுக்கொண்டிருந்த ஆர்லிஸ் ட்வேட்டிடம் அவள் கணவன் நார்பர்ட் ஓடி வந்தான். பதினோரு வருடம் விமானம் கட்டியவன். போன வசந்தத்தில்தான் மேகத்துக்குள் பறக்கப் பரீட்சை எழுதித் தேறியிருந்தான்.

"வாங்கிட்டேன் ஆர்லிஸ்! ஊசி மூணு சுத்து சுத்துச்சு!"

"சுத்தினா?"

"நாளைக்கு ஏரிக்கு அந்தப் பக்கம் உன் தங்கச்சி கல்யாணத்துக்கு நம்ம விமானத்துலயே போறோம்."

"நாளைக்கு முழுக்க மேகம்னு சொல்றாங்களே."

"அதுக்குத்தானே இது!"

"குடு, திறந்து பாக்கறேன்."

"ஐயையோ! விமானத்துல பொருத்துற வரைக்கும் திறக்கக் கூடாது. உள்ள இருக்கிற புத்தகத்தை எப்பவுமே படிக்கக் கூடாதாம். படிச்சா சந்தேகம் வரும், சந்தேகம் வந்தா பெட்டி தடுமாறும்னு கேப்டன் சொல்லியிருக்காரு."

ஆர்லிஸ் அடுப்பை அணைத்தாள். விமானத்தின் வலது இருக்கையில் உட்காரப் போகிறவள் அவள். இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். தினமும் டயரையும் பிரேக்கையும் தானே பார்க்காமல் சாவியைத் தொட மாட்டாள். படித்தால் தடுமாறும் பெட்டியா? மிச்சிகன் ஏரி மேலேயா?

அட்டையை அவளிடம் வைத்துவிட்டு நார்பர்ட் காபிக்குப் போனான். அவள் அட்டையின் அடிப்பக்கம் ஒட்டுநாடாவைக் கிழித்தாள். புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படித்தாள். கோபத்தில் முகம் சிவந்தது. இவனிடம் சொன்னால் கேட்பானா? கேட்க மாட்டான். பெட்டியையும் புத்தகத்தையும் வெளியே எடுத்துவிட்டு, விருந்துக்கு வைத்திருந்த சீஸ் கட்டியை உள்ளே வைத்து அடியை ஒட்டினாள். மேலே தங்க முத்திரை கலையவே இல்லை.

நார்பர்ட்டைக் கையோடு இழுத்துக்கொண்டு வரிசையின் முன்னால் போய் நின்றாள்.

"கேப்டன் சார், இன்னொரு தடவை பாத்துச் சொல்லுங்க. எனக்குப் பயமா இருக்கு."

கேப்டன் பெருந்தன்மையோடு சிரித்தார். ஊசி இறங்கியது. சுற்றியது. பிரமாதமாகச் சுற்றியது.

"மேடம், இன்னிக்கு நான் பாத்ததுலயே இதுதான் உசத்தி! மழையோ மேகமோ, உயிரை நம்பி ஒப்படைக்கலாம்."

ஆர்லிஸ் அட்டையைப் பிரித்தாள். மஞ்சள் சீஸ் மேசையில் தொப்பென்று விழுந்தது.

கூட்டம் மேசையை எட்டிப் பார்த்தது. பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: "இதை எங்கய்யா பொருத்துறது? எஞ்சினுக்குப் பக்கத்துல வெச்சா உருகிடுமே!"

கேப்டன் சுதாரித்தார். "சந்தேகம் பிடிச்சவங்க பக்கத்துல நின்னா ஊசி..."

"சந்தேகப்பட்டதால பெட்டி சீஸா மாறிடுச்சா?" என்றாள் ஆர்லிஸ். புத்தகத்தை நார்பர்ட் கையில் திணித்தாள். "சத்தமாப் படி."

அவன் படித்தான். "'கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும்போது இதைக் கொண்டு வழி தேடாதீர்கள். சமிக்ஞை தவறினால் இந்தப் பெட்டி எச்சரிக்காது.'" அவன் புத்தகத்தை மூடினான். "தப்பு நடந்தா தானே கத்துற பெட்டிதான் மேகத்துக்குள்ள சட்டப்படி செல்லும். நாமே கட்டின விமானம்னாலும் அதுல விலக்கு இல்ல. அது செல்லும்னு நிரூபிக்கிற தாளைக் காட்ட வேண்டியதும் கட்டினவன்தான். இதே கேள்விக்குப் பரீட்சையில சரியா எழுதினேன் ஆர்லிஸ்!"

"எழுதினே. அப்புறம் ஊசிகிட்ட போய்க் கேட்டே."

தொள்ளாயிரம் கொடுத்தவர்கள் மேசையைச் சூழ்ந்தார்கள். எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் கேப்டனை நகர விட்டார்கள். அவசரத்தில் சரிகைத் தொப்பியை மறந்துவிட்டார். ஊசி மட்டும் மேசையோரம் தொங்கிக்கொண்டிருந்தது. பிடித்த கை போனதும் அது சுற்றவே இல்லை.

மறுநாள் ட்வேட் தம்பதி ஏரியைக் கப்பலில் கடந்து கல்யாணத்துக்குப் போனார்கள். வழியெல்லாம் நார்பர்ட்டின் மடியில் விதிப்புத்தகம் திறந்திருந்தது. மேகத்துக்குள் கண் தெரியாது, அது இயற்கை. பளிச்சென்ற வெயிலில் நின்றுகொண்டு கண்ணை மூடிக்கொள்கிறவர்களுக்கு எந்தப் பெட்டி ஐயா வழி காட்டும்?