ஒன்பதரை மணி வரை பார்த்த படம்

வாழ்க்கையில் நான் மிக அதிகமாகப் புகழ்ந்த படத்தை முழுசாகப் பார்த்ததில்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. ஏழு குடும்பங்களின் வீடும் போக வேண்டியிருந்தது.

யுத்தப் படம். சிறைமுகாமுக்கு அடியில் சுரங்கம் தோண்டி நாற்பது கைதிகள் தப்பிக்கிறார்கள். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, மலேசியாவில் புக்கிட் பெலண்டோக் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டினார்கள். ஒன்பதரைக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். விடிவதற்கு முன்பே பால் வெட்டுகிறவர்கள் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டுமே. கடைசிக் கைதி சுரங்கத்தை விட்டு வெளியே வந்து காட்டுக்குள் ஓடினான். மின்சாரம் நின்றது. கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினோம். அதுதான் முடிவு என்று எடுத்துக்கொண்டேன் (எங்கள் தோட்டத்தில் எல்லாப் படமும் அப்படித்தான் முடியும்).

அதன் பிறகு அந்தப் படத்தை வைத்து மூன்று கட்டுரை எழுதினேன், ஒரு பட்டிமன்றத்தில் ஜெயித்தேன். "ஒற்றுமையாகத் தோண்டினார்கள், ஒருவர் விடாமல் தப்பித்தார்கள்" என்று முடிப்பேன். கைதட்டுவார்கள். பிறகு எதற்கு இன்னொரு தடவை பார்ப்பது?

தோட்டம் கைமாறியது. லயத்து வீடுகளில் மிச்சமிருந்த இருபது குடும்பங்களையும் புதுக் கம்பெனி காலி செய்யச் சொன்னது. கொடுப்பதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடலாம். அல்லது சேர்ந்து நின்று, அங்கேயே வீடு கேட்கலாம். திங்கட்கிழமை முடிவு சொல்ல வேண்டும். ஜனங்களைத் திரட்டிக்கொண்டிருந்த லெட்சுமி அக்கா, சிரம்பானில் இருந்த எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, சனங்க பயந்து கெடக்குதுங்க. வந்து தெம்பா நாலு வார்த்த பேசு லா."

"பேச்சு எதுக்குக்கா? நான் ஒரு படம் போடுறேன்."

(முதலில் நீங்கள் ஒரு தடவை பார்த்துவிடுங்களேன் என்றாள் மனைவி. சிரித்தேன்.)

ஞாயிறு சாயங்காலம், கோயில் மண்டபம். படம் ஓட ஓட நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். நாற்பதாவது ஆள் காட்டுக்குள் ஓடியதும் மண்டபமே கைதட்டியது. நானும் தட்டிவிட்டு மைக்கை எடுத்தேன்.

"இன்னும் ஓடுதே" என்றார் ஒருவர்.

"இனிமே பேரு போடுவாங்க."

பேர் போடவில்லை. ரயில் நிலையத்தில் நாலு பேரைப் பிடித்தார்கள். பாலத்தில் ஆறு பேரை. "இது அவங்க போட்ட திட்டந்தான்" என்று நானே மொழிபெயர்த்தேன். பிடிபட்டவர்களை ஒரு வயலில் இறக்கிச் சுட்டார்கள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

முன் வரிசையில், நாற்பது வருஷம் பால் வெட்டிய முனுசாமி அண்ணன் கேட்டார்:

"தம்பி, கடேசில எத்தன பேரு தப்பிச்சானுங்க?"

"ரெண்டு பேருண்ணே."

"நாப்பதுல ரெண்டு. நாம இருவது குடும்பம். அப்ப ஒண்ணு தேறும். அது யாருன்னு இப்பவே சொல்லிட்டீன்னா, மத்தவங்க காலையில போயி சைன் வச்சிருவோம்."

யாரும் சிரிக்கவில்லை. லெட்சுமி அக்கா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நிலைமையைச் சரிசெய்வதாக நினைத்து, தோல்வியிலும் உள்ள மாண்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

மறுநாள் ஏழு குடும்பங்கள் கையெழுத்துப் போட்டன. முதல் கையெழுத்து முனுசாமி அண்ணனுடையது. மீதிப் பதின்மூன்று குடும்பங்களும் நாலு வருஷம் மல்லுக்கட்டி வீடு வாங்கிவிட்டன. அக்கா தன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு என்னையும் கூப்பிட்டார். போனேன். அந்தத் தெருவில் பதின்மூன்று கேட்டுகளை எண்ணினேன். இலையில் விழுந்த பாயசத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

அடுத்த வாரம் முனுசாமி அண்ணனைத் தேடிப் போனேன். சுங்கை காடுட்டில் வாடகை வீடு, நாலாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. மூச்சு வாங்க நின்று சொன்னேன்:

"அண்ணே, அந்தப் படத்தாலதான் உங்களுக்கு வீடு இல்லாமப் போச்சு. என்னை மன்னிச்சிருங்க."

அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"படமா? படம் நல்லாத்தான் இருந்துச்சு லா. நான் கணக்குப் போட்டதெல்லாம் சும்மா கிண்டலுக்கு. அந்த ரெண்டு பேரு போட்ல ஏறிப் போறதப் பாத்துட்டு, சரி, நாமளும் நின்னு பாப்போம்னுதான் இருந்தேன். அதுக்கப்புறம் நீ ஒரு மணி நேரம் பேசுன பாரு."