நுளம்புவலை அண்ணையின் நாற்பத்தொரு விதிகள்

"இந்தத் தாளை எழுதியவர் எந்த நாட்டுக்குப் போய்வந்தார் என்று அறிய விரும்புகிறோம். தெரிந்தால் அந்த நாட்டுக்கு நாங்களும் போகாமல் இருந்துகொள்வோம்."

2006 பெப்ரவரியில் கானா நாட்டின் அக்ரா நகரிலிருந்து எங்கள் லண்டன் அலுவலகத்துக்கு வந்த கடிதத்தின் கடைசி இரண்டு வரிகள் இவை. கடிதத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது. "இந்தத் தாளை எழுதியவர்" என்று அதில் சொல்லப்பட்டவர் எனக்கு எதிர்மேசையில் இருந்தார். உலகத்தில் பயப்படாத மனிதர் இல்லை. ஆனால் தன் பயங்களை எல்லாம் வகைபிரித்து, இலக்கமிட்டு, தட்டச்சு செய்து, இருநூறு பிரதி எடுத்து வைத்திருந்த மனிதர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். நாங்கள் அவரை நுளம்புவலை அண்ணை என்போம்.

லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில், குடிநீர் விநியோகத் துறையில் இருப்பவர்களுக்கான ஒரு சின்னச் சர்வதேச சங்கத்தில் இருவரும் வேலை பார்த்தோம். கூட்டக் குறிப்புகளும் பழைய கோப்புகளும் என் பொறுப்பு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சங்கம் ஏதாவது ஒரு நாட்டில் மாநாடு நடத்தும். வருகிறவர்களுக்குப் பயணம், பாதுகாப்பு, உடல்நலம் பற்றி ஆலோசனைத் தாள் அனுப்புவது அண்ணையின் பொறுப்பு. அவருக்கு முன்பு அந்த வேலையைச் செய்தவரின் தாளில் ஒன்பது விதிகள் இருந்தன. அண்ணை கைவைத்த பிறகு அவை நாற்பத்தொன்றாயின.

பட்டப்பெயர் வந்த கதை இது. ஆபிரிக்க மாநாடு என்று தீர்மானமானதும் நான்கு வகை நுளம்புவலைகளை வாங்கிவந்து, கோப்பு அறையில் ஒவ்வொன்றாகக் கட்டி, மதிய இடைவேளையில் உள்ளே படுத்துப் பரீட்சை பார்த்தார். வெள்ளிக்கிழமை கூட்டித் துடைக்க வந்த பெண்மணி அறைக் கதவைத் திறந்தபோது, வெள்ளைத் துணிக்குள் ஒரு மனிதர் நெஞ்சில் கைகட்டிப் படுத்திருந்தார். பெண்மணி மேலாளரிடம் ஓடிப்போய், கோப்பு அறையில் ஒரு பிரேதம் இருப்பதாகவும் அது தன்னைப் பார்த்துக் கதவைச் சாத்தச் சொன்னதாகவும் முறையிட்டார்.

வயிற்றோட்டத்துக்கான உப்புச் சீனித் தண்ணீரை அலுவலகத்தில் எல்லோரையும் குடிக்கவைத்ததும் உண்டு. "வருத்தம் வரேக்கை குடிச்சால் ருசி தெரியாது. இப்ப குடிச்சுப் பழகவேணும்" என்பது அவர் வாதம். நெருப்பு ஒத்திகை நாளில் கீழே தெருவில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி எண்ணுவார். ஒருமுறை கணக்கில் ஒருவர் கூடிவிட்டார். கடிதம் கொடுக்க வந்த தபால்காரர். அந்தக் கூடுதல் ஆள் எப்படி வந்தார் என்று தீர்மானமாகும்வரை அவரைப் போகவிடவில்லை.

இனி, அந்த ஆண்டு மாநாடு நடக்கவிருந்த அக்ராவுக்கு முன்கூட்டியே பார்வைக்குப் போன தாளின் விதிகள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, நுளம்பு கடிக்காமல் நீளக்கைச் சட்டை போடு என்பவற்றில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. குளிக்கும்போது வாயை மூடிக்கொள்ளவும் என்ற விதிக்கு, "வருகிற இருநூறு பேரும் தண்ணீரைச் சுத்தம் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள்" என்று அக்ராக் கடிதத்தில் பதில் இருந்தது. அதன் பிறகு வந்த விதிகள்தான் அவர்களைத் திடுக்கிடவைத்தவை. நான் கோப்பிலிருந்து எடுத்துத் தருகிறேன்.

விதி 14: விமானத்தில் தரும் ரொட்டியில் பாதியைச் சட்டைப்பையில் வைக்கவும். அடுத்தது எப்போது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

விதி 22: அழைத்துப்போக வருகிறவர் உங்கள் பெயரைச் சொல்லாவிட்டால் வண்டியில் ஏறவேண்டாம்.

விதி 23: கடவுச்சீட்டை "பிறகு தருகிறேன்" என்று கேட்பவரிடம் கொடுக்கவேண்டாம்.

விதி 38: இரண்டு பேர் ஒரே நேரத்தில் தூங்கவேண்டாம்.

கடிதம் எழுதியவர் எஃபுவா என்ற பெண்மணி. அக்ராவில் மாநாட்டு ஏற்பாடுகள் அவர் கையில். மாநாட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் தனித்தனி அறை என்பதால் விதி 38 ஐ எப்படி நடைமுறைப்படுத்துவது என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். முடிவில் ஒரு நிபந்தனை: தாளை எழுதியவர் மாநாட்டுக்கு முன்பே நேரில் வந்து, ஊரைப் பார்த்து, தங்களோடு இருந்து திருத்தவேண்டும். இல்லையென்றால் தாள் யாருக்கும் போகாது.

அன்று மாலை ரயிலில் நானும் அவரும் எதிரெதிரே. இருவரும் இறங்குவது குட்மேய்ஸில்தான்.

"அண்ணை, நீங்கள் ஆபிரிக்காவுக்குப் போனனீங்களோ?"

"ஆபிரிக்காவோ? நான் காரணம் இல்லாமல் பக்கத்திலை இருக்கிற ஈஸ்ட்ஹாமுக்கே போறதில்லை."

"அப்ப இதெல்லாம் எங்கை படிச்சனீங்கள்?"

"படிச்சதில்லை, தம்பி. படுத்தெழும்பினது."

பிறகு, ஊரைவிட்டுத் தப்பி வந்த வழியை வெளியே பார்த்தபடி சொன்னார். மொஸ்கோவில் ஆறு வாரம் ஓர் அறையில். உக்ரைன் பக்கம் ஒரு காடு. போலந்து எல்லையில் பெயர் சொல்லாமல் வந்த வண்டியில் ஏறிய இரண்டு பேரை அதற்குப் பிறகு அவர் காணவில்லை. ஜெர்மனியிலிருந்து குளிர்லொறிக்குள் இங்கே. அந்தப் பயணத்துக்குப் பிறகு அவர் விமானம், கப்பல், நீண்ட பஸ் எதிலும் ஏறியதில்லை. எஃபுவா கேட்ட கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது. அதைக் கடிதத்தில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

"போகாமல் விடுங்கோவன். மேலாளரிட்டை நான் சொல்லுறன்."

"நான் போகாட்டித் தாள் போகாது. தாள் போகாட்டி அந்த இருநூறு சனமும் ஒண்டும் தெரியாமல் போய் இறங்கப்போகுதுகள். யோசிச்சுப் பாரும்."

அவருக்கு அது வேடிக்கை இல்லை. இருநூறு பொறியியலாளர்களும் காட்டுக்குள் விடப்படப் போகிறார்கள் என்றே நம்பினார். மறுநாளே மேலாளரிடம் போய், போகிறேன் என்றார். மேலாளர் ஒரு நிமிடம் கதிரையைப் பிடித்துக்கொண்டதாகக் கேள்வி.

கானாவுக்குப் போக மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லுபடியாகும். நான் நாட்காட்டியில் நாள் குறித்துக் கொடுத்தேன். ஊசிக்கு முதல்நாள், ரயிலில், அண்ணை பக்கத்து இருக்கைகளைப் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"தம்பி, ஒரு சங்கதி. பாஸ்போட்டிலை எனக்கு ஐம்பத்தேழு வயசு. உண்மையிலை அறுபத்திரண்டு."

வரும்போது, காசுக்கு ஆட்களை எல்லை கடத்திவிடும் ஏஜென்சிக்காரன் கொடுத்தது இன்னொருவரின் கடவுச்சீட்டு. அதிலிருந்த பிறந்த திகதியைப் பாடமாக்கச் சொன்னான். இறங்கி விசாரித்தபோது பெயரை உண்மையாகச் சொன்ன அண்ணையின் வாயில் திகதி மட்டும் பாடமாக்கியபடியே வந்துவிட்டது. பிறகு திருத்தப் பயம். அந்தத் திகதியோடேயே அகதியானார், வேலை எடுத்தார், பிரிட்டிஷ் பிரஜையும் ஆனார்.

"அதுக்கென்ன இப்ப?"

சட்டைப்பையிலிருந்து ஊசி பற்றிய துண்டுப்பிரசுரத்தை எடுத்தார். அறுபது தாண்டியவர்களுக்கு, அபூர்வமாகத்தான் என்றாலும், இந்த ஊசி கடுமையான பின்விளைவு தரலாம் என்ற வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

"உண்மை வயசைச் சொன்னால் பாஸ்போட்டைப் பறிச்சுப்போடுவாங்கள். சொல்லாட்டி ஊசி என்னைப் பறிச்சுப்போடும். விதி எழுதின எனக்கே இதுக்கு ஒரு விதி இல்லை."

நான் இரவெல்லாம் யோசித்தேன். காலையில் எனக்கும் விதி எதுவும் கிடைக்கவில்லை. கூடப் போவதாக மட்டும் சொன்னேன்.

ஊசி போடும் இடத்தில் தாதி ஒரு ஜமெய்க்காக்காரப் பெண்மணி. படிவத்தைப் பார்த்துக்கொண்டே, அறுபது தாண்டிவிட்டதா என்று கேட்டார். அண்ணை என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த உலக வரைபடத்தைப் பார்த்தேன்.

"எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார்" என்று அண்ணை ஆங்கிலத்தில் தொடங்கினார். "கடதாசியில் அவருக்கு ஐம்பத்தேழு. தாயின் கணக்கில் அறுபத்திரண்டு. அவர் உங்களிடம் வந்தால் எந்த வயதைச் சொல்லவேண்டும்?"

தாதி பேனாவை மூடி வைத்தார். இந்த மாதிரிச் சிநேகிதர்களை அவர் முன்பும் கண்டிருக்கவேண்டும்.

"நான் ஊசி போடுவது கடதாசிக்கு இல்லை, கைக்கு. உங்கள் சிநேகிதரின் கைக்கு எத்தனை வயது?"

"அறுபத்திரண்டு" என்றார் அண்ணை. சத்தமே வரவில்லை. உதட்டைப் பார்த்துத்தான் தாதி புரிந்துகொண்டார்.

அதன் பிறகு அரை மணி நேரம் கேள்விகள். முந்தைய நோய்கள், சாப்பிடும் மருந்துகள், கழுத்தில் நெஞ்சில் செய்த சத்திரசிகிச்சைகள். ஆபத்து குறைவு, ஆனால் இல்லையென்று சொல்லமாட்டேன், போகாமல் இருந்தால் ஊசியும் தேவையில்லை, முடிவு உங்களுடையது என்றார். யாருக்கும் தகவல் கொடுப்பது தன் வேலை இல்லை என்றும் சொன்னார். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு சட்டைக் கையை மடித்தார். பிழையான கை. இடதுகைதான் நல்லது என்று அவரே எழுதிய விதி ஒன்று இருந்தது. தன் விதி ஒன்றை அவர் மறந்துபோனதை அன்றுதான் கண்டேன்.

அடுத்த பத்து நாட்களும் என்னால் மறக்கமுடியாதவை. மணிக்கு ஒருமுறை வெப்பமானியை நாக்கின் கீழ் வைத்துக்கொண்டு, அந்த வாயோடேயே தொலைபேசிக்கும் பதில் சொன்னார். அக்ராவிலிருந்து அழைத்த எஃபுவா, உங்கள் ஆலோசகருக்குப் பேச்சுக் குறைபாடா என்று கவலைப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவர் மேலே காய்ச்சல் பார்த்துக்கொண்டிருக்க, மனைவி எனக்குத் தேத்தண்ணி தந்தார்.

"அக்கா, அவருக்கு அறுபத்திரண்டு எண்டது சரிதானே?"

"ஆருக்குத் தெரியும்? கலியாணம் பேசேக்கை இருபத்தொன்பது எண்டவை. மாமி ரண்டு வரியம் குறைச்சுத்தான் சொல்லியிருப்பா."

"சாதகத்திலை பார்க்கலாமே?"

"சாதகமோ? என்ரை செவ்வாய்க்குப் பொருந்தவேணும் எண்டு அதையும் மாத்தித்தான் எழுதினவை. பிறகு வீட்டோடை அதுவும் எரிஞ்சுபோச்சு." மேலே அண்ணாந்து பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எத்தினை வயசெண்டாலும் திரும்பி வந்தால் எனக்கு அது காணும், தம்பி."

காய்ச்சல் வரவில்லை. பத்து நாளும் கழிந்தது. ஹீத்ரோவுக்கு நான்தான் கூட்டிப்போனேன். கவுண்டரில் இருந்த பெண் கடவுச்சீட்டைக் கேட்டபோது அண்ணை நீட்டினார், ஆனால் விடவில்லை. அவர் ஒரு நுனியை இழுக்க, இவர் மறுநுனியைப் பிடித்தபடி, இருவரும் சில நொடிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அண்ணையின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் திரும்பி வந்திருப்பார்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசி.

"தம்பி, வந்து இறங்கீட்டன்."

"பிரச்சினை ஒண்டும் இல்லையே, அண்ணை?"

 

"கூட்டிப்போக வந்த மனிசி என்ரை முழுப்பேரையும் ஒரு மட்டையிலை எழுதிப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. அப்பான்ரை பேரும் சேர்த்து."

நான்கு நாளில் தாள் திருத்தி வந்தது. பதினொரு விதிகள், கீழே இரண்டு கையொப்பம். மஞ்சள் காய்ச்சல், மலேரியா மாத்திரை, தண்ணீர், வீதியில் போக்குவரத்து எல்லாம் அளவாக இருந்தன. அண்ணையின் ஊருக்குத் தான் வந்தால் நாற்பத்தொன்றும் தேவைப்படுமா என்று எஃபுவா கேட்டாராம். "எங்கடை ஊருக்கு வேறை தாள்" என்று பதில் சொல்லியிருக்கிறார்.

2009 இல் அலுவலகம் அவருக்கு அறுபதாவது பிறந்தநாள் கொண்டாடியது. கேக் வெட்டினார், பாட்டைக் கேட்டார், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு துண்டு கேக் தந்தார். பிறகு தேநீர் அறையில் கேட்டேன், அறுபத்திரண்டு என்று அன்றைக்கு எந்தக் கணக்கில் சொன்னீர்கள் என்று. ஊர்க் கோயிலில் தேர்த்திருவிழாவுக்கு அடுத்த நாள், தீர்த்தத் திருவிழாவன்று விடியப் பிறந்ததாகத் தாய் சொல்லுவாராம். அந்த வருடம் எது என்பதைத் தாய் இரண்டு விதமாகச் சொன்னதால், கூடிய வயதைத் தான் எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். பாதுகாப்புக்காம்.

என் குறிப்புப் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே இப்போது நான்கு ஆண்டுகள் இருக்கின்றன: கடவுச்சீட்டில் உள்ளது, மனைவி சொன்னது, தாயின் கணக்குகள் இரண்டு. எந்த ஆண்டு சரி என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. தீர்த்தம் ஆண்டுக்கு ஆண்டு வேறு திகதியில் வருகிறது. நான் பஞ்சாங்கத்தில் தேடி முன்கூட்டியே குறித்துவைத்து, அன்று காலையில் அவருக்குத் தொலைபேசி எடுத்துவிடுகிறேன்.