தேதி தெரியாதவர்கள்

"ஏங்க, இந்த வெள்ளிக்கிழமை என்ன தேதி?"

விசா அண்ணன் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தார். "இருபத்தொண்ணு. ஏன்?"

"உங்க விசா முடியற தேதியும் அதுதான் போட்டிருக்கு."

"அது அடுத்த வருஷமா இருக்கும். சரியாப் பாரு."

"வருஷமும் இந்த வருஷம்தாங்க."

சீப்பு தலையிலேயே நின்றுவிட்டது. மகளின் இறுதிப் பரீட்சை அனுமதிச் சீட்டுக்கு அப்பாவின் விசா நகல் வேண்டும் என்று பள்ளியில் கேட்டிருந்தார்கள். அதற்காகத்தான் மனைவி பீரோவிலிருந்து அவருடைய பாஸ்போர்ட்டை எடுத்தாள். அண்ணன் பாய்ந்து வந்து வாங்கிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் இருபத்தொன்றுதான். அன்று செவ்வாய்க்கிழமை.

"ஊருக்கே புதுப்பிச்சுக் குடுக்கறீங்க. நம்மளுது எப்படிங்க விட்டுப்போச்சு?"

"எல்லார் பாஸ்போர்ட்டும் ஆபீஸ் பீரோவுல இருக்கு. மாசாமாசம் எடுத்துத் தேதி பாத்துடுவேன். என்னோடது மட்டும் வீட்டு பீரோவுல இருக்கு."

"அதுக்கு?"

அண்ணன் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பெரிய பெரிய கட்டடங்களைக் கூட்டித் துடைத்துப் பராமரிக்கும் கம்பெனி அது. முந்நூற்று நாற்பது வெளிநாட்டு ஆட்கள். அத்தனை பேர் விசாவையும் பதினாறு வருஷமாகக் கட்டிக் காப்பாற்றுவது இந்த ஒரு மனிதர்தான். அதனாலேயே அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே மறந்துபோகிற அளவுக்கு விசா அண்ணன் ஆகிவிட்டார். மனைவிக்கும் மகளுக்கும் அவருடைய விசாவை ஒட்டித்தான் விசா. அவருடையது போனால் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். பரீட்சைக்கு இன்னும் ஆறே வாரம். அந்தப் பெண் இரண்டு வருஷமாகத் தூக்கத்திலும் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தது.

"யார்கிட்டயும் சொல்லாத. சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருப்பதை அவரும் கவனிக்கவில்லை, மனைவியும் சொல்லவில்லை.

யார்கிட்டயும் சொல்லாதே என்றதற்குக் காரணம் இருந்தது. அவர் அறைச் சுவரில் ஒரு பலகை தொங்கியது. அதன் தலையில் 'தேதி தெரியாதவர்கள்' என்று சிவப்பு எழுத்து. விசா முடிய முப்பது நாளுக்குள் வந்து நிற்கிறவனுடைய எண் அந்தப் பலகையில் ஏறும். அவன் கைப்பட ஒரு விளக்கக் கடிதம் எழுதி அதன் கீழே ஒட்ட வேண்டும். எல்லாம் அண்ணன் போட்ட சட்டம். பலகையில் பெயர் இருக்காது. பெயர் என்பதே அவர் அகராதியில் கிடையாது.

"பேரைப் பாத்தா இரக்கம் வரும்மா. நம்பரைப் பாத்தாத்தான் வேலை நடக்கும்" என்று ஃபைல்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குப் பாடம் சொல்லியிருந்தார். சொன்னபடி நடக்கவும் நடந்தார். மூன்று வாரத்துக்கு முன்னால் தலைமை அலுவலகம் பதினொரு எண்களை அனுப்பி ரத்து செய்யச் சொன்னபோது, யார் எவர் என்று கேட்காமல் மதியத்துக்குள் குடியேற்ற அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்து முடித்தார். அதில் ஒருவன் கையெழுத்துப் போட வராமல் டிமிக்கி கொடுத்தான். மேனேஜர் "விடுங்க, பாத்துக்கலாம்" என்று இழுத்தும் அண்ணன் விடவில்லை. போன வாரம் தலைமறைவு என்று அங்கேயே புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.

அப்படிப்பட்டவர், அன்று காலை யாரும் வருவதற்கு முன்னால் தன் அறைக்குள் திருடனைப் போல நுழைந்தார். தன்னுடைய ஃபைலை எடுத்து, தாள்களைச் சேர்த்து, மற்ற கட்டோடு கட்டாக மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிவிடுவது என்பது திட்டம். விசாவிலிருந்த ஒன்பது இலக்க எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டார். முந்நூற்று நாற்பது பேர் எண்ணும் தலைகீழ்ப் பாடம், தன்னுடையது தெரியாது. யாரும் அவரைக் கேட்டதில்லையே. ஆனாலும் எழுதும்போது, சமீபத்தில் கை பழகிய எண் மாதிரி இருந்தது. சொந்த எண்ணாயிற்றே, கொஞ்சமாவது தெரியாமலா இருக்கும் என்று சமாதானம் ஆனார்.

ரேக்கில் அந்த இடம் காலியாக இருந்தது. தேடிக்கொண்டிருக்கும்போதே ஃபைல் பெண் வந்துவிட்டாள்.

"என்னண்ணே தேடறீங்க?"

"இந்த நம்பர் ஃபைல் எங்கம்மா?"

"இங்க இல்லேன்னா மேனேஜர் ரூம்ல இருக்கும். அவசரமா?"

"வெள்ளிக்கிழமை முடியுது."

"வெள்ளிக்கிழமையா? யாருண்ணே அது, இவ்ளோ பொறுப்பில்லாத ஆளு?"

அண்ணன் தொண்டையைச் செருமினார். ஜன்னலுக்கு வெளியே வேன் டிரைவர் வண்டியைக் கழுவிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"வேன் டிரைவர்" என்றார்.

அரை மணி நேரத்தில் வேன் டிரைவர் ஈரக் கையோடு வந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே, வெள்ளிக்கிழமை என்னைய அனுப்பறாங்களாமே."

உனக்கு இன்னும் பதினாலு மாசம் இருக்குடா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், பிறகு வெள்ளிக்கிழமை முடிவது யாருடையது என்று அடுத்த கேள்வி வரும்.

"நான் இருக்கேன்ல. பாத்துக்கறேன், போ" என்றார்.

அண்ணன் வாயிலிருந்து ஆறுதல் வார்த்தை வந்ததைப் பதினாறு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. அதனால் டிரைவர் நிலைமை ரொம்ப மோசம் என்று முடிவு கட்டினான். மனைவிக்கு ஃபோன் போட்டு அழுதான். பதினோரு மணிக்குள் தன் கட்டிலை ஒருவருக்கும் ஃப்ரிட்ஜை இரண்டு பேருக்கும் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டான். ஃப்ரிட்ஜ் கேட்டவர்கள் இரண்டு பேரும் வாசலில் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

இதற்கிடையில் அண்ணன் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தால், பலகையில் அவருடைய எண் சிவப்பு மையில் பளிச்சென்று ஏறியிருந்தது.

"யாரும்மா எழுதச் சொன்னது?"

"நீங்க போட்ட சட்டம்தானேண்ணே" என்றாள் அந்தப் பெண். "விளக்கக் கடிதத்துக்கும் இடம் விட்டிருக்கேன்."

வேறு வழியில்லாமல் மேனேஜர் அறைக்குப் போனார். தலை நிமிராமலே பேசுகிற மேனேஜர், அன்று எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அண்ணன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"வாங்க. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம் சார். ஒரு அவசரக் கடிதத்துல கையெழுத்து வேணும்." குரல் இறங்கியது. "என்னோடது சார்."

மேனேஜர் தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார்.

"முப்பது நாளைக்குக் கம்மின்னா தலைமை அலுவலகம்தான் அனுமதிக்கணும்னு ஒரு விதி இருக்கே."

"நான் எழுதினதுதான் சார்."

"நல்ல விதி" என்றார் மேனேஜர் மேஜையைப் பார்த்து. "பாருங்க, நானே உங்ககிட்ட நிதானமா பேசணும்னு இருந்தேன். வியாழக்கிழமை பேசுவோமா?"

"புது பிரிண்டர் விஷயமா சார்?"

"அந்த மாதிரிதான்."

கையெழுத்து கிடைக்கவில்லை. மேனேஜர் வாசல் வரை வந்து வழியனுப்பியதுதான் மிச்சம்.

கடைசி நம்பிக்கை குடியேற்ற அலுவலகம். பதினாறு வருஷப் பழக்கம், ஒரு வாரம் அவகாசம் கேட்டால் தரமாட்டார்களா? அங்கே போவதற்கு வேனை விட்டால் வழியில்லை. வேனுக்கு டிரைவரை விட்டால் ஆளில்லை. அவன் வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓட்டினான்.

"எனக்காக நீங்களே நேர்ல வர்றீங்களேண்ணே. உங்களைக் கல் மனசுக்காரர்னு எத்தனை நாள் திட்டியிருக்கேன் தெரியுமா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

"சாகற வரைக்கும் மறக்க மாட்டேண்ணே."

அண்ணனுக்கு அழுகை வந்தது. அது அவனுக்காகவா தனக்காகவா என்று அவருக்கே விளங்கவில்லை.

உள்ளே கம்பெனிக்காரர்களுக்கென்று தனி வரிசை இருந்தது. இத்தனை வருஷம் கட்டுக் கட்டாகத் தாள்களோடு நிமிர்ந்து நின்ற இடம். இன்று கையில் ஒரே ஒரு துண்டுத் தாள், அதுவும் வியர்வையில் நனைந்திருந்தது. பக்கத்து வரிசையில் ஒரு குடும்பம் குழந்தையோடு நின்றது. அந்த மாதிரி எத்தனை குடும்பங்களைத் தேதி பார்க்கத் தெரியாதா என்று விரட்டியிருப்போம் என்று முதல் தடவையாக நினைத்துப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மகள் ஃபோனில் வந்தாள்.

"அப்பா, நகல் நாளைக்குள்ள குடுக்கணுமாம். இல்லேன்னா சீட்டு தர மாட்டாங்களாம்."

"குடுத்துடலாம்மா. நீ படி."

"உங்க குரல் ஏம்பா ஒரு மாதிரி இருக்கு?"

"வரிசையில நிக்கறேம்மா" என்று ஃபோனை வைத்தார்.

அவர் முறை வந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண்மணிக்கு அவரை நன்றாகத் தெரியும்.

"சொல்லுங்க சார். இன்னைக்கு ஒரே ஒரு ஆள்தானா?"

"ஒண்ணுதாங்க. தேதி கொஞ்சம் கிட்ட வந்துடுச்சு. ஒரு வாரம் அவகாசம் குடுத்தீங்கன்னா புண்ணியமா போகும்."

அந்த அம்மாள் ஆச்சரியமாகப் பார்த்தாள். அவர் வாயிலிருந்து இப்படிக் கெஞ்சல் வந்து அவள் பார்த்ததில்லை. "லேட்டா வந்தா எங்க ஆளுங்களுக்கு இரக்கமே காட்டாதீங்கன்னு நீங்கதானே சார் சொல்லி வெச்சிருக்கீங்க. சரி, யாரோடது?"

என்னோடது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். பின்னால் டிரைவர் கையைக் கூப்பிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"எங்க... எங்க ஆள் ஒருத்தரோடதுங்க. பேர் சொல்லட்டுங்களா?"

"பேர் எதுக்கு? நம்பரைக் குடுங்க. நீங்க கத்துக்குடுத்ததுதானே" என்று சிரித்தாள்.

துண்டுத் தாளை நீட்டினார். அவள் ஒவ்வொரு இலக்கமாகத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். பிறகு முகமெல்லாம் மலர்ந்து அவர் பக்கம் குனிந்தாள்.

"அட, விசாவை ரத்து பண்ணினதும் பாஸ்போர்ட்டோட ஓடிட்டான், எங்க கண்டாலும் பிடிச்சு அனுப்புங்கன்னு போன வாரம் எழுதிக் குடுத்தீங்களே, அந்த ஆளா? எங்க சார் மாட்டினான்?"