கோணக்கரைக்கு வந்த குதிரை

தண்ணீருக்குத் துப்பாக்கி காட்டுகிற நாடு ஒன்று இருந்தது. கோணக்கரை என்று பெயர். நீங்கள் வரைபடத்தை விரிக்க வேண்டாம், அதில் கிடைக்காது. வருடத்துக்கு ஒருமுறை, நடவுப் பருவத்தில், நாட்டை ஆள்பவர் பெரிய ஏரிக்கரையில் நின்று ஒரு பழைய கைத்துப்பாக்கியால் வானத்தைப் பார்த்துச் சுடுவார். வெடி கேட்ட பிறகுதான் மதகு திறக்கும். முதல் மன்னர் காலத்தில் மதகுக்காரன் ஒரு மைல் தள்ளி நின்றான். கூப்பிட்டால் கேட்காது, சுட்டால் கேட்டது. காரணம் அவ்வளவுதான். மன்னர் போனார், மந்திரி வந்தார், தேர்தல் வந்தது, கட்சிகள் வந்தன. துப்பாக்கி மட்டும் போகவில்லை. ஆள்பவர்கள் அதை விடுவார்களா? தண்ணீர் மேகத்திலிருந்து வருகிறது என்று ஜனங்கள் நினைத்துவிட்டால் அப்புறம் ஓட்டை யாருக்குப் போடுவார்கள்?

அந்த வருடம் துப்பாக்கி வெடிக்கவில்லை. தலைமை மந்திரி மகுடேசர் மேடையில் நின்று மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். கூட்டம் மூன்று தடவையும் காதைப் பொத்திக்கொண்டு, மூன்று தடவையும் கையை எடுத்தது. அரண்மனை ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் மாசானம் வாங்கிப் பார்த்தார்.

"குதிரை ஒடிஞ்சு போச்சுங்கய்யா."

துப்பாக்கியின் முதுகில் நிமிர்ந்து நின்று, விசையை இழுத்ததும் பாய்ந்து அடிக்கும் இரும்புத் துண்டுக்குக் குதிரை என்று பெயர். சுண்டுவிரல் நீளம் இருக்கும். மாசானத்துக்கு இது தெரியும். மந்திரிசபையில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கமும் அங்கே கிடையாது.

"அஞ்ச வேண்டாம், மக்களே. எத்தனை குதிரை வேண்டுமானாலும் இந்த அரசு தருவிக்கும்" என்றார் மகுடேசர். கை தட்டினார்கள்.

கை தட்டாத ஒருத்தி வெள்ளத்தாயி. மதகுக்காரி அவள்தான். மதகைத் திருகும் இரும்புக் கம்பி அவள் கையில். மதகுக்குக் கீழே அரை ஏக்கர் நிலமும் அவளுடையது. நாற்று விட்டுப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

"அண்ணாச்சி, இன்னும் பன்னெண்டு நாள்தான். அதுக்கு மேல போனா நாத்து முத்திரும். நட்டாலும் தூர் கட்டாது" என்றாள் மாசானத்திடம்.

"அக்கரைக்குப் போயிட்டு ஓடியாரேன் தாயி."

அக்கரையும் ஒரு காலத்தில் கோணக்கரைதான். ஆறு குறுக்கே ஓடியதைப் பார்த்த யாரோ ஒரு மன்னர், சரி, இரண்டு நாடாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். துப்பாக்கியும் ஜோடியாகச் செய்தது. ஒன்று இங்கே, ஒன்று அங்கே. அங்கேயும் வெடி கேட்டுத்தான் மதகு திறக்கும். அதன் உறுப்புகள் வேறெந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தாது. செய்தவரின் பேரன் சூசை அக்கரையில் இருந்தார். மூன்றாம் நாள் மாசானம் ஒரு சின்ன மரப்பெட்டியோடு படகில் வந்து இறங்கினார். சுங்கச் சாவடியில் அதிகாரி பீதாம்பரனார் அனுமதிக் கடிதத்தைப் படித்தார். குதிரை, ஒன்று, என்று போட்டிருந்தது.

"குதிரை எங்கே?"

"இந்தப் பெட்டிக்குள்ள இருக்குங்க."

"இதற்குள்ளா? குட்டியா?"

"ஐயா, அது இரும்புங்க."

"நிறத்தை நான் கேட்கவில்லை."

மாசானம் பெட்டியைத் திறந்து காட்டப் போனார். பீதாம்பரனார் தடுத்துவிட்டார். அந்நிய நாட்டுக் கால்நடையைக் கால்நடை மருத்துவர் முன்னிலையில்தான் திறக்க வேண்டும். அந்த வேலை ஒன்பது வருடமாகக் காலி. ஆகவே "குட்டி ஒன்று, இரும்பு நிறம், சாது" என்று எழுதி, நோய் பரவாமலிருக்க நாற்பது நாள் தனியே கட்டிவைக்கும்படி உத்தரவு போட்டார். மாசானம் தலையில் கை வைத்துக்கொண்டு சாவடி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அரசு சும்மா இருக்கவில்லை. சும்மா இருந்திருந்தால் பரவாயில்லை என்கிறேன். குதிரைக்குத் தீவனமாக வீட்டுக்கு ஒரு படி கொள்ளு தர வேண்டும் என்று முதல் ஆணை வந்தது. விதைக்கு வைத்திருந்த கொள்ளும் போயிற்று. லாயம் கட்ட இடம் வேண்டுமே? இரண்டாவது ஆணைப்படி வெள்ளத்தாயி வயலுக்குப் பக்கத்து வயலில் அடிக்கல் நாட்டினார்கள். எதிர்க்கட்சிக்காரர்களும் விடவில்லை. வந்திருப்பது ஆணா பெண்ணா என்று மக்களுக்குத் தெரிந்தாக வேண்டும் என்று சபையில் தரையில் படுத்தார்கள்.

"கொட்டு அடிச்சாவது, வேட்டுப் போட்டாவது மதகைத் திறங்க சாமி" என்று ஜனங்கள் கேட்டார்கள். மறுநாளே மூன்றாவது ஆணை வந்தது. புதிய குதிரை மிரளக் கூடாது. ஆகையால் கோணக்கரையில் யாரும் கொட்டடிக்கவோ, வேட்டுப் போடவோ, குரல் உயர்த்திப் பேசவோ கூடாது. அன்றிலிருந்து ஜனங்கள் குசுகுசுவென்று பட்டினி கிடந்தார்கள்.

நாற்றுக்கு இருபத்தாறு நாள் ஆயிற்று. நுனி மஞ்சளாகியிருந்தது. வெள்ளத்தாயி குடத்தில் குடிதண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினாள். எத்தனை குடம் ஊற்ற முடியும்? கம்பி கையில் இருக்கிறது, தண்ணீர் மதகுப் பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வெடி கேட்காமல் திறந்தால் நிலம் பறிபோகும், அவளுக்குச் சிறை. மதகின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். அழுதபடியே, அங்கே பதித்திருந்த செப்புப் பட்டயத்தைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்க்கிற பட்டயம்தான். அன்றைக்குத்தான் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"வெடி கேட்டால் மதகு திற."

"அண்ணாச்சி, இதுல யாரு சுடணும்னு போட்டிருக்கா?" என்றாள் தாழ்ந்த குரலில், அங்கே வந்து நின்ற மாசானத்திடம்.

மாசானம் குனிந்து படித்தார். இன்னொரு தடவை படித்தார். நேரே சுங்கச் சாவடிக்குப் போனார்.

"குதிரைக்குச் சேணம் வாங்க அக்கரைக்குப் போறேங்கய்யா."

"இப்போதுதான் பொறுப்பாகப் பேசுகிறீர்" என்று பீதாம்பரனார் உடனே சீட்டுக் கொடுத்தார்.

நாற்றுக்கு இருபத்தெட்டாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, பால்காரர்கள் தெருவில் இருக்கும்போது, ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து படீரென்று ஒரு வெடிச்சத்தம் வந்தது. சாவடியில் நிற்கவில்லை. சீட்டுக் காட்டவில்லை. நேராக வந்து வெள்ளத்தாயியின் காதில் விழுந்தது. அவள் கம்பியை மாட்டித் திருகினாள்.

காவலர்கள் வருவதற்குள் தண்ணீர் லாயத்து அடிக்கல்லைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். போகும்போது அவள் வயலைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சேற்றில் இறங்க ஜனங்கள் யாரையும் கேட்கவில்லை. அவளுடைய நாற்றையும் அவர்களே பறித்து நட்டார்கள்.

பிடித்துப்போன பதினோராம் நாள் விசாரணை நடந்தது.

"கனம் நீதிபதி அவர்களே, அது அந்நிய வெடி. முறையான அனுமதியின்றி நமது எல்லைக்குள் நுழைந்த சத்தம்" என்றார் அரசு வக்கீல்.

"ஏம்மா, அது அக்கரை வெடின்னு தெரியாதா?" என்று நீதிபதி கேட்டார்.

"சத்தத்துல ஊர்ப்பேரு எழுதியிருக்காதுங்களே, சாமி."

நீதிபதி பட்டயத்தின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் படித்தார். அதில் இருந்ததோ நாலே வார்த்தை. "கேட்டால் என்றுதான் இருக்கிறது. கேட்டிருக்கிறது. போகலாம்" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் பயிர் பச்சை பிடித்திருந்தது. வெள்ளத்தாயி நின்று நின்று பார்த்துக்கொண்டே மாசானத்தோடு வந்தாள்.

"அவுங்க துப்பாக்கி இன்னும் நல்லாத்தான் இருக்கு போல, அண்ணாச்சி."

"எங்க நல்லாயிருக்கு? அதுல இருந்த குதிரையத்தானே சூசை கழட்டி நமக்குக் குடுத்தான். ஒலகத்துல இருந்ததே அது ஒண்ணுதான்."

அவள் நின்றுவிட்டாள். "அப்ப அந்த வெடி?"

"மூங்கி. ஒரு கணு பச்சை மூங்கில வெட்டி நெருப்புல போட்டோம். அவுங்க மதகும் அந்தச் சத்தத்துலதான் தெறந்துச்சு. அவுங்க ராஜாங்கத்துக்கு இன்னும் தெரியாது."

வெள்ளத்தாயி சிரிக்க ஆரம்பித்தாள். மூன்றாவது ஆணை அமலில் இருந்தது. அவள் சத்தமாகவே சிரித்தாள்.

நாற்பது நாள் முடிந்தும் பெட்டி வெளியே வரவில்லை. மருத்துவர் வந்தால்தானே? புது லாயத்தில், கொள்ளு மூட்டைகளுக்கு நடுவே, இரண்டு காவலர்களோடு இன்றைக்கும் இருக்கிறது. காவலர்கள் அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள் என்று கேள்வி.

அடுத்த நடவுக்கு மகுடேசர் வழக்கம்போல மேடை ஏறினார். குதிரை நாட்டுக்குள் வந்துவிட்டபடியால் துப்பாக்கி சரியாகிவிட்டது என்று அவருக்கு அறிக்கை கொடுத்திருந்தார்கள். கையை உயர்த்தி விசையை இழுத்தார். அந்த நேரம் பார்த்து, கோணக்கரையின் முன்னூறு வீட்டு அடுப்புகளிலும் மூங்கில் வெடித்தது. மேடை அதிர்ந்தது, மதகு திறந்தது. மகுடேசர் தன் கையிலிருந்த துப்பாக்கியைப் பெருமையாகப் பார்த்துவிட்டு, ஜனங்களுக்கு வணக்கம் சொல்வதற்காகத் திரும்பினார்.

கரையில் ஒருவரும் இல்லை. எல்லாரும் வயலில் இருந்தார்கள்.